விரல் தாளம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஆறு மாதமாக பெல்லி டான்ஸ் கற்கிறேன். அடுத்த மாதம் ஆண்டு விழா. காசு பெல்ட், இறக்கைபோல விரியும் ‘ஐசிஸ் இறக்கை’ துணி, விரல்களில் மாட்டித் தட்டும் சின்னப் பித்தளைத் தட்டுகளான விரல் தாளம் மூன்றும் ஒரே செட்டாக ஆன்லைனில் கிடைக்கின்றன. தாளம் வாசிக்க எனக்கு வராது. கைக்கு அழகாக இருக்கிறதே, சும்மா மாட்டிக்கொண்டு ஆடலாம்தானே? உடையைப் பார்த்து சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

ந.

அன்புள்ள ந.,

சொந்தக்காரர்கள் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும். இறக்கை சமீபகால மேடைச் சரக்கு. ஆசையாக இருந்தால் வாங்குங்கள். காசு பெல்ட்டும் அப்படியே. ஒரு காலத்தில் எகிப்தின் கவாஸிப் பெண்கள், அதாவது ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், ஆடிச் சம்பாதித்ததை நிஜத் தங்கக் காசாகக் கோத்து அணிந்தார்கள். 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா அவர்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே துரத்தினார். ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு உடம்போடு வரும் சேமிப்பு அது. இன்று நாம் கட்டுவது தகரம். போகட்டும்.

ஆனால் ‘சும்மா மாட்டிக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சமீபத்தில் ஒரு காணொளி பார்த்தேன். நல்ல ஆட்டக்காரி, நல்ல இடுப்பு. பாட்டு முழுக்க விரல்களில் பித்தளை பளபளக்கிறது, ஒரு சத்தம் இல்லை. அன்று முதல் எனக்கு ஆறவில்லை.

எகிப்தில் விரல் தாளத்துக்கு சகாத் என்று பெயர். கைக்கு இரண்டாக நான்கு. கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. நம் பரதத்தில் தாளம் நட்டுவனார் கையில் இருக்கிறது. ஆடுகிறவர் அதைக் கேட்டு ஆடுகிறார். அங்கே நட்டுவனார் வேலையும் ஆடுகிறவளின் விரலுக்கு வந்துவிடுகிறது. இடுப்பு ஒரு கணக்கு, தோள் ஒரு கணக்கு, விரல் இன்னொரு கணக்கு. தபலாக்காரர் (நம் ஊர் தபலா அல்ல, கிண்ண வடிவ எகிப்திய மேளம்) ‘தும் தும்’ என்று அடித்து விடும் இடைவெளியை அவள் நிரப்புகிறாள். அவள் நிறுத்தினால் கூட்டத்துக்குத் தெரியும். பக்கவாத்தியக்காரர்களுக்கு அவளும் ஒரு வாத்தியக்காரி. அந்த மரியாதையை நீங்களே கழற்றி வைத்துவிட்டு வளையல்போல மாட்டிக்கொள்வேன் என்கிறீர்கள்!

கெய்ரோவில் கான் எல்-கலீலி கடைவீதியில் ஒரு முதியவர் சகாத் விற்றுக்கொண்டிருந்தார். நான் மினுமினுப்பான ஜோடியை எடுத்தேன். அவர் அதை வாங்கி, விளிம்போடு விளிம்பை லேசாகத் தட்டினார். ‘டிக்’ என்று செத்துப்போனது. பேசாமல் பெட்டிக்குள் போட்டார். மங்கலான இன்னொரு ஜோடியைத் தட்டிக் காதருகே நீட்டினார். நான் தலையாட்டிய பிறகும் ஒலித்துக்கொண்டிருந்தது. விலையை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அதனால் செட்டில் வருவதை வாங்காதீர்கள் அம்மா. கனமான பித்தளையாகத் தனியாக வாங்குங்கள். எலாஸ்டிக்கை நகக்கண்ணை ஒட்டி, முதல் கணுவுக்கு மேலே, கழன்று விழாதபடி இறுக்கித் தையுங்கள். வலது, இடது, வலது, சின்ன நிறுத்தம், மறுபடி வலது, இடது, வலது. முதலில் உட்கார்ந்தபடி அது மட்டும். கை பழகியதும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே. இடுப்பை அதற்குப் பிறகு சேர்க்கலாம். அடுத்த மாதத்துக்குள் வராது, தெரியும். விழாவில் வெறுங்கையோடு ஆடுங்கள்.