புது வேலை, பழகாத வார்டு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

செவிலியராக வேலை பார்த்து, இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வேலைக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. படிக்கும்போது நல்ல மார்க். இப்போது "சிஸ்டர்" என்று நோயாளி கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்றே தோன்றுகிறது.

இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. செவிலியத் துறை ஆய்வாளர் மார்லீன் கிரேமர் 1974-லேயே இதற்கு யதார்த்த அதிர்ச்சி என்று பெயர் வைத்துவிட்டார். கல்லூரியில் ஒரு நோயாளியை முழுசாகக் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், வார்டில் எல்லா நோயாளிகளுக்கும் நேரத்துக்கு மருந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறார்கள். ரெண்டும் சரிதான், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நீங்கள். அதே துறையைச் சேர்ந்த பாட்ரிசியா பென்னர் 1984-ல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் மூன்றாவது படியான "தேர்ச்சி"க்கு வரவே, ஒரே மாதிரியான வேலையில் ரெண்டு மூன்று வருடம் பிடிக்கும் என்கிறார். ஆக, பக்கத்தில் நிற்கும் பத்து வருட சீனியரோடு உங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அந்த சீனியரையே பழக்கமில்லாத பிரிவில் கொண்டுபோய் விட்டால் அவரும் கீழ்ப்படிக்கு வந்துவிடுவார்.

பயிற்சி மருத்துவர் நான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருநாள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம்.

1978-ல் கிளான்ஸ், ஐம்ஸ் என்ற ரெண்டு உளவியலாளர்கள் இதே பயத்தைப் பற்றி எழுதினார்கள், அதுவும் நன்றாகச் சாதித்த பெண்களிடம் பார்த்து. ஆனால் எல்லாவற்றையும் "அது வெறும் பயம்" என்று தள்ளிவிடாதீர்கள், சில விஷயங்கள் நிஜமாகவே தெரியாமல் இருக்கும். எது தெரியாது என்று பெயர் சொல்லி எழுத முடிந்தால் அது படித்துக்கொள்ள வேண்டியது. எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லையா? அது பயம்தான்.

ராத்திரி டியூட்டியில் மருத்துவரைக் கூப்பிடத் தயக்கம். போனில் உளறுகிறேன், அவர் எரிச்சலாகிறார், அப்புறம் அடுத்த தடவை கூப்பிடவே கை வருவதில்லை.

நோயாளியின் நிலையை நாலு பகுதியாகச் சொல்லும் எஸ்பிஏஆர் (SBAR) முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யலாம். நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறை இது, 2000களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்குள் வந்தது. புதியவர்கள் முதல் ரெண்டையும் அழகாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். "பிபி 90/60, நாடித்துடிப்பு 118, ரெண்டு மணி நேரமாகச் சிறுநீர் குறைந்திருக்கிறது, காலையில்தான் அறுவை சிகிச்சை முடிந்தது" என்று சொல்லிவிட்டு மௌனம். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மிச்சத்தை ஊகிக்க வேண்டும், எரிச்சல் வராமல் என்ன செய்யும்? "உள்ளே ரத்தக் கசிவு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன், உடனே வந்து பாருங்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சந்தேகம் தப்பாகவே போகட்டும், பரவாயில்லை. நான் பார்த்தவரை, புதியவர் செவிலியராக மாறுவது அந்தக் கடைசி ரெண்டு வாக்கியத்தைத் துணிந்து சொல்லும்போதுதான். நம்பிக்கை வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அது வராது, சொல்லச் சொல்லத்தான் வரும். கூப்பிடுவதற்கு முன்னால் துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள், உளறல் பாதியாகக் குறையும்.

லேப் டெக்னீஷியன். நோயாளியின் முகத்தையே பார்ப்பதில்லை. மருத்துவக் குழுவில் ஒருவர் என்று எப்படி நினைத்துக்கொள்வது?

பொட்டாசியம் 6.8 என்று வருகிறது. மாதிரியைப் பார்த்தால் சீரம் சிவந்திருக்கிறது, ரத்த அணுக்கள் உடைந்ததால் அளவு பொய்யாக ஏறியிருக்கலாம். நீங்கள் வார்டுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்கிறீர்கள். தேவையில்லாத சிகிச்சை ஒன்று நின்றுபோகிறது. அந்த இடத்தில் குழுவில் இதைச் செய்ய உங்களை விட்டால் ஆள் கிடையாது. முடிந்தால், மறு மாதிரியில் என்ன வந்தது, நோயாளி எப்படி இருக்கிறார் என்று வார்டில் விசாரியுங்கள். ரெண்டு மூன்று தடவை விசாரித்தால் அவர்களுக்கும் உங்கள் குரல் பழகிவிடும்.

நோயாளி முன்னாலேயே சீனியர் திட்டுகிறார். "நாங்களும் இப்படித்தான் கற்றோம்" என்கிறார்கள். நான்தான் தொட்டாற்சிணுங்கியா?

இல்லை. தப்பைத் திருத்துவது வேறு, ஆளைச் சிறுமைப்படுத்துவது வேறு. குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது அவர் கண்டது. திட்டு வாங்கியவர் அடுத்த தவறைச் சொல்லாமல் விட்டால் அடிபடுவது நோயாளி. "தவறைத் தனியாகச் சொல்லுங்கள், கட்டாயம் திருத்திக்கொள்கிறேன்" என்று ஒருமுறை நேராகக் கேளுங்கள். அவர் கேட்கவில்லையா, தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வேறு வார்டு, வேறு மருத்துவமனை பாருங்கள். ஒரு இடம் ஒத்துவராமல் போனதை வைத்து இந்தத் தொழிலே நமக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள், அக்கா. மறுக்கவும் முடியவில்லை.

"பரிசோதிக்காமல் சொன்னால் தப்பாகிவிடும், உங்கள் மருத்துவரிடமே காட்டுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது என்றால் மட்டும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர்களை உடனே மருத்துவமனைக்குக் கிளப்பிவிடுங்கள்.