காட்பாடி பிளாட்பாரம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு. ஒலிம்பியாட் கணக்குகளைத் தானாகவே போடுகிறாள். வகுப்பில் தோழி என்று ஒருத்தியும் இல்லை. பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனோடுதான் ராத்திரியெல்லாம் போனில் கணக்குப் பேச்சு. "வெறும் கணக்குதானா?" என்றால் சிரிக்கிறாள். இப்போது ஞாயிறு வகுப்புக்குச் சென்னைக்குத் தனியாகப் போவேன் என்கிறாள். மறுத்தால் வக்கீல் மாதிரி வாதாடுகிறாள். போனைப் பிடுங்கி வைக்கலாமா?

ஒரு அம்மா, சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள சகோதரி,

பிடுங்காதீர்கள். ராத்திரி பத்துக்கு மேல் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், அது வேறு. உங்கள் போனும் அங்கேயே கிடக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் மிராக்கா கிராஸ் என்ற கல்வி ஆராய்ச்சியாளர், ஐ.க்யூ 160ம் அதற்கு மேலும் உள்ள 60 பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தவர். நட்பைப் பற்றித் தனியாகவும் ஆராய்ந்தார். விளையாட ஆள் வேண்டும் என்பதில் தொடங்கி, எதையும் மறைக்காமல் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது வரை நட்புக்குப் படிகள் உண்டு. இந்த மாதிரிப் பிள்ளைகள் மேல்படிக்குச் சீக்கிரம் போய்விடுகிறார்கள். அங்கே சக வயதுக்காரர்கள் யாரும் இருப்பதில்லை. இந்த இடைவெளி ஆரம்பப் பள்ளியில்தான் அதிகம் என்கிறார். அப்படியானால் உங்கள் மகளுக்கு மூன்றாவது, நான்காவது படிக்கும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும். அப்போது நீங்கள் யாருக்கும் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். மார்க் நன்றாக வந்திருக்குமே.

என் பதினான்கு வயதில் எனக்கிருந்த ஒரே சிநேகிதர் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவர். முப்பது வயசு, இரண்டு குழந்தைகள். செஸ் ஆடுவோம். "உன் வயசுல ஆளே கிடைக்கலையாடா?" என்பார் அம்மா. கிடைக்கவில்லைதான்.

சரி, காதலா? இருக்கலாம். ஆனால் பேச்சுக்குத்தான் இருபது வயசு, மனசுக்குப் பதினைந்துதான். அவன் ஒரு நாள் பதில் போடாவிட்டால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு "இவ்வளவு புத்தி இருந்தும் இப்படியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பையனை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் குழம்பு வைத்துச் சோறு போடுங்கள். ஆள் எப்படி என்று சாப்பிடும்போதே பாதி தெரிந்துவிடும்.

வாதத்தில் அவளை ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். அவள் ஜெயித்துவிட்டாள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். "எனக்குப் பதில் தெரியலைடி, ஆனா பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ரயில். இரண்டு மணி நேரப் பயணம். முதல் ஞாயிறு கூடவே போங்கள். அடுத்த ஞாயிறு அதே வண்டியில் வேறு பெட்டி. மூன்றாவது ஞாயிறு காட்பாடி பிளாட்பாரத்தோடு நின்றுகொள்ளுங்கள். அரக்கோணம் தாண்டியதும் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், போதும்.