காரை விற்றுவிட்டு ஸ்கூட்டர் மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் அவரும் அம்மாவும் மட்டும்தான். முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. இந்த வருடம் மட்டும் கேட் தூணில் இரண்டு தடவை உரசிவிட்டார். ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறார். சாவியைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்கிறான் அண்ணன். காரை விற்றுவிட்டு, கடைக்குப் போய்வர ஸ்கூட்டரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்பது என் யோசனை. லைசென்ஸ் இன்னும் இரண்டு வருடம் செல்லும். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, ஓசூர்

பதில்: ஸ்கூட்டர் யோசனையை முதலில் கைவிடுங்கள். பல வீடுகளில் நல்லது செய்வதாக நினைத்து இதைத்தான் செய்கிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அந்தக் கனத்தைக் காலை ஊன்றித் தாங்க வேண்டும். முழங்கால் வலி இருக்கிறது. பல வருடச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாலே இந்த வயதில் இடுப்பெலும்பு முறியும். காரில் அவரைச் சுற்றித் தகடும் பெல்ட்டும் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை நிறுத்துவதென்றால் முதலில் நிறுத்த வேண்டியது ஸ்கூட்டரைத்தான்.

லைசென்ஸ் செல்லுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. நம் சட்டத்தில் சொந்த வண்டி ஓட்ட உச்ச வயது கிடையாது. 55 வயதைத் தாண்டினால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கிறார்கள். அதற்குப் படிவம் 1ஏ-யில் மருத்துவச் சான்று வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது அதிலுள்ள ஒரு கேள்வி. ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுக்கும் இடங்களும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சான்று இன்றைய கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதே சோதனையை உங்கள் தெருவிலேயே வைத்துப் பாருங்கள்.

அதில் தேறினாலும் கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். வெளிச்சம் கூசுவது பெரும்பாலும் கண்புரை. அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். பிறகு எப்போது ஓட்டலாம் என்பதை அந்த மருத்துவரே சொல்லட்டும். தூணில் உரசியதுதான் கூடுதல் கவலை. கண் அழுத்த நோய் இருந்தால் நேர்ப் பார்வை தெளிவாக இருக்கும்போதே ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அவருக்கே தெரியாது. ‘எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறதே’ என்பார். எனவே, பார்வைப் புலச் சோதனை வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். சர்க்கரை இருப்பதால் விழித்திரையையும் பார்க்க வேண்டும். கண்ணில் குறை இல்லையென்றால் கழுத்தைக் கவனியுங்கள். கழுத்துத் தேய்மானத்தால் தலையைத் திருப்ப முடியாதவர்கள் கண்ணாடியை மட்டும் நம்பி ரிவர்ஸ் எடுப்பார்கள். ரிவர்ஸ் கேமராவும், பக்கக் கண்ணாடியில் ஒட்டும் சின்னக் குவிகண்ணாடியும் இதற்கு உதவும்.

மாத்திரை பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவை சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர் ஓட்டிப்போகும் நாளில், வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்று சாப்பிடாமல் கிளம்புவதுதான் ஆபத்து. கிளம்பும் முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். 70-க்குக் கீழே போயிருந்தால், சாப்பிட்டுச் சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் செட்ரிசின் இவற்றின் மந்தம் மறுநாள் காலைவரை நீளலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தால் வண்டி 11 மீட்டர் போய்விடும்.

முழங்காலுக்காக ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். கியர் வண்டியில் பதறினால் இடது கால் தானாகக் கிளட்சை மிதிக்கும், எஞ்சின் இழுப்பு அறுந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காப்பு இல்லை. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுவர்தான். வாங்கினால் இரண்டு வாரம் காலி மைதானத்தில் பழக வேண்டும்: இடது காலுக்கு வேலையே கிடையாது, வலது குதிகாலை பிரேக்குக்கு நேரே ஊன்றி, பாதத்தை மட்டும் திருப்ப வேண்டும். ஹவாய் செருப்பு பெடலுக்கு அடியில் மாட்டும், வேட்டி நுனியும் சிக்கும். குதிகாலில் வார் வைத்த செருப்பு போடச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் மூன்று பயணம் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். வலது பக்கம் திரும்பும்போது பாருங்கள். எதிரே வரும் பஸ்ஸின் வேகத்தைக் கணிக்கும் திறன் வயதாக ஆகக் குறையலாம். தடுமாறினால் சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் திரும்பச் சொல்லலாம். இருட்டிய பிறகு வேண்டாம், மழையில் வேண்டாம், புறவழிச் சாலை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் குறைப்பதை அநேகமாக ஒப்புக்கொள்வார். கண் வேலை முடியும்வரை ராத்திரி ஓட்டுவதை இன்றே நிறுத்தட்டும்.

ஆனால், தெரிந்த தெருவில் வழி தவறுவது, பெடல் மாறி மிதிப்பது, மயக்கம், உரசியதே நினைவில்லாமல் ‘நான் இடிக்கவில்லை’ என்பது — இவற்றில் ஒன்று ஒரே ஒரு முறை நடந்தாலும் பேரம் பேசாதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறுத்தத்தான் வேண்டும் என்று வந்தால், அதை மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். பிள்ளை சொன்னால் அது அதிகாரமாகிவிடும். சாவியைப் பிடுங்கினால் மாற்றுச் சாவியைத் தேடுவார். அதற்கு முன்பே தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்கு பேசி, காசை நீங்கள் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு சவாரிக்கும் பணம் எண்ணிக் கொடுக்க நேர்ந்தால், அந்தத் தலைமுறை கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடும்.

காரை விற்றால் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், ஆர்.சி. பெயர் மாறியதை உங்கள் கண்ணால் பாருங்கள். பெயர் மாறாத வண்டி எங்கே மோதினாலும் நோட்டீஸ் அப்பா வீட்டுக்குத்தான் வரும்.