விளையில் யோகா முகாம்: ஆசனத்துக்கு அனுமதி வேண்டாம், கட்டிலுக்கு வேண்டும்

கேள்வி: அம்பாசமுத்திரம் வட்டத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் 20 சென்ட் நிலம் இருக்கிறது. அதில் 1 ஏக்கர் 10 சென்ட் கோடைமேலழகியான் கால்வாய்ப் பாசன நஞ்சை. மீதி மாவும் நெல்லியும் தென்னையும் நிற்கும் புஞ்சை (இப்படிப்பட்ட தோட்டத்தை எங்கள் பக்கம் விளை என்போம்). பட்டா அப்பா பெயரில். அவர் 2021 இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் நானும் இங்கே இருக்கிறோம். அண்ணன் கோயம்புத்தூரில். தங்கச்சியைக் கடையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாதம் ஒருமுறை மூன்று நாள் முகாம் நடத்துகிறேன். 15 பேர் வருவார்கள், தங்கல், சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 4,500 ரூபாய். காலையில் யோகா, பிறகு இயற்கை விவசாயம், குளத்து வேலை, தாமிரபரணி பற்றியும் சூழல் போராட்டங்கள் பற்றியும் வகுப்பு. வெளிநாட்டுக்காரர்களும் சிலர் வருகிறார்கள். பக்கத்து விளைக்காரர் ஊராட்சியில் மனு கொடுத்துவிட்டார். மின்வாரியத்திலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "எங்க விளையில நாங்க உட்காருததுக்கு யாருகிட்ட கேக்கணும்?" என்று அம்மா கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. சொந்த விளையில் பாய் விரித்து யோகா சொல்லிக்கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. யோகா ஆசிரியருக்கு அரசின் சான்றிதழ்த் தேர்வு உண்டு, ஆனால் அது கட்டாயம் இல்லை. ஆட்களைத் தங்கவைத்துக் காசு வாங்கும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தருபவை மூன்று: இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டா, இலவச மின்சாரம், வெளிநாட்டு விருந்தினர். பக்கத்து விளைக்காரர் மனு இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் நிலம். அப்பா உயில் எழுதாததால் அன்றைக்கே அம்மா, அண்ணன், நீங்கள், தங்கச்சி நாலு பேருக்கும் உரிமை வந்துவிட்டது. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டி இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். நிலம் அப்பா சம்பாதித்து வாங்கியது என்றால் ஆளுக்குக் கால் பங்கு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு மாறும். 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் பிறப்பால் பங்காளி. அதனால் அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பாகம் வைத்து, அப்பாவின் கால் பாகத்தை மறுபடி நாலாகப் பிரிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 16 இல் 5 வீதம், அம்மாவுக்கு 16 இல் 1. "கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பது நம் ஊர்ப் பேச்சு. கோர்ட்டில் அதற்கு மதிப்பில்லை. தங்கச்சிக்கு மகன்களுக்கு இணையான பங்கு என்பதை உச்ச நீதிமன்றம் 2020 இல் வினீதா சர்மா வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

இது ஏன் முகாமுக்கு முக்கியம்? ஊராட்சி, மின்வாரியம், சுற்றுலாத் துறை, வங்கி, எங்கே போனாலும் முதல் கேள்வி "இடம் யார் பெயரில்?" என்பதுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, நாலு பேர் பெயரிலும் கூட்டுப்பட்டாவாக மாற்றிக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்திலேயே மனுச் செய்யலாம். பட்டா மாறியதாலேயே உரிமை தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அவ்வளவுதான்.

அடுத்து, மற்ற மூவரிடமும் எழுத்தில் ஏற்பாடு வேண்டும். பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, முகாம் நடக்கும் புஞ்சைத் துண்டு உங்கள் பங்கில் வரும்படி செய்துகொள்வதுதான் சுத்தமான வழி. அண்ணனுக்கு இப்போது பிரிக்க மனமில்லை என்றால், மூவரும் தங்கள் பங்கை உங்களுக்குக் குத்தகைக்கு விடலாம். நம் பக்கத்தில் எல்லாரும் 11 மாதத்துக்கு எழுதுவார்கள், பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க. கடைக்கு அது சரிப்படும். கழிப்பறை, கூரை என்று பணம் போடும் உங்களுக்குச் சரிப்படாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்; 5 ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். நோட்டரி முன் வாங்கும் சம்மதக் கடிதம் இன்றைய உறவுக்குச் சாட்சி, அதற்கு மேல் பலம் இல்லை. நாளைக்கு அண்ணன் பாக வழக்குப் போட்டால், நீங்கள் கட்டிய பகுதியை உங்கள் பங்கில் ஒதுக்கும்படி கேட்கலாம். கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நிலத்தை ஒரு அறக்கட்டளைக்கு எழுதிவைக்கச் சிலர் யோசனை சொல்லுவார்கள். வேண்டாம். எழுதிக் கொடுத்தால் திரும்ப வராது. அறக்கட்டளை தேவைப்பட்டால் அதைத் தனியாக ஆரம்பித்து, நிலத்தை அதற்குக் குத்தகைக்கு விட்டால் போதும்.

இப்போது மின்சாரம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் மின்வாரியம் வந்ததிலிருந்தே தெரிகிறது: பம்புசெட் இணைப்பிலிருந்து கொட்டகைக்கு வயர் இழுத்திருக்கிறீர்கள். விவசாய இலவச இணைப்பில் விருந்தினர் அறைக்கு விளக்கும் வெந்நீர் ஹீட்டரும் ஓடினால், 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126 ஆம் பிரிவில் அது அங்கீகாரமற்ற பயன்பாடு. அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து பயன்படுத்தினீர்கள் என்று நிர்ணயிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். ஆய்வுக்கு வந்தவர் எழுதும் மகஜரில் (ஆய்வுக் குறிப்பில்) "வயர் எப்போது இழுத்தது" என்ற இடம் காலியாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வாசித்துப் பாருங்கள். நாலு மாதம்தான் ஆகிறது என்றால் அதை எழுதச் சொல்லுங்கள். எலெக்ட்ரீசியன் பில், வயர் வாங்கிய ரசீது, முதல் முகாமின் பணப் பதிவு எல்லாம் அதற்கு ஆதாரம். தற்காலிக மதிப்பீட்டு ஆணை வந்தால் ஆட்சேபம் எழுதுங்கள். இறுதி ஆணை வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும்.

அந்த வயரை இன்றைக்கே கழற்றுங்கள். பிரிவு அலுவலகத்தில் உதவி மின்பொறியாளரைப் பார்த்து, கொட்டகைக்குத் தனி இணைப்புக்கு மனுக் கொடுங்கள். அங்கேயும் கூட்டுப்பட்டாதாரர்கள் சம்மதம் கேட்பார்கள். பட்டா வேலையை முதலில் சொன்னது அதனால்தான். பன்றிக்காக வேலியில் மின்சாரம் விட்டிருந்தால் அது தனிச் சிக்கல். தமிழகத்தில் 2023 முதல் மின்வேலிக்குத் தனி விதிகள் உண்டு, அனுமதி இல்லாமல் போடக்கூடாது. விருந்தினர் நடமாடும் விளையில் அதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

கட்டடத்துக்கு வருவோம். நஞ்சையில் ஒரு கல்கூட ஊன்றாதீர்கள். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017 ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. ஊராட்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வாங்க வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியர், வேளாண் துறை வரை கோப்பு சுற்றும். மலையடிவாரக் கிராமங்கள் சில "ஹாகா" எனப்படும் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் வருவாய் கிராமம் அதில் இருந்தால் வனம், கனிமவளம் உள்பட இன்னும் பல துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். செங்கல் வாங்குவதற்கு முன்னால் சர்வே எண்ணோடு போய் இதைக் கேளுங்கள். புலிகள் காப்பக எல்லை பற்றி அம்பாசமுத்திரம் கோட்ட வன அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

குறைந்த செலவில் முடியும் வழி, நீங்களும் அம்மாவும் குடியிருக்கும் வீட்டையே தங்கும் இல்லமாகச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்வது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். 6 அறை, 12 படுக்கைக்கு மேல் கூடாது. உங்கள் 15 பேரைப் பன்னிரண்டாகக் குறைத்தால் அந்த அளவுக்குள் நிற்பீர்கள். கூடாரம் அடித்துத் தங்கவைப்பது வேறு வகை, அதற்குத் தனிப் பதிவு. "மாட்டுத் தொழுவம்" என்று தாளில் எழுதிவிட்டு உள்ளே கட்டில் போடும் வழக்கம் நம் பக்கம் பெருகிவிட்டது. தீப்பிடித்தாலோ பாம்பு கடித்தாலோ அந்தத் தாள்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

சமையலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள், இணையத்தில் முடியும். கழிவுநீர் ஓடைக்கோ கால்வாய்க்கோ போகக்கூடாது. செப்டிக் டேங்க் கிணற்றைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். உங்கள் வரவு வருடத்துக்கு 8,10,000 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம் என்பதால் அது இப்போது இல்லை. ஆனால் இது விவசாய வருமானம் அல்ல. வருமான வரிக் கணக்கில் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். வரி கட்டும் நிலை வந்தால் பிஎம் கிசான் பணம் நின்றுபோகும், அதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் நோட்டீசில் "சர்க்கரை வியாதி குணமாகும்" போன்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். 1954 ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை வியாதி இருக்கிறது, வம்பு தேடி வரும். வர்ம வைத்தியம் என்று சொல்லி எண்ணெய் தேய்ப்பதானால் பதிவு பெற்ற சித்த மருத்துவரை வையுங்கள்.

கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா? "என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கும் தாள் கவனக்குறைவைக் காப்பாற்றாது. கவனக்குறைவால் உயிர்ச்சேதம் நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை. யாரையும் வனத்துக்குள் நடத்திக்கொண்டு போகாதீர்கள். 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்பைக் காட்டுகிறேன் என்று போவதும் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது.

குளத்து வேலையில் உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் குளம் அரசுப் புறம்போக்கு. பாலிதீன் பொறுக்குவது வேறு, மண்வெட்டி போடுவது வேறு. வண்டல் அள்ளினால் கனிமச் சட்டத்தில் வழக்கு வரும்; சீமைக் கருவேலத்தை வெட்டினால் "அரசு மரம் திருட்டு" என்பார்கள்; கரையில் கன்று நட்டால் கரை பலவீனப்படும் என்று நீர்வளத் துறை ஆட்சேபிக்கும். தேதி, ஆள் எண்ணிக்கை, என்ன வேலை என்று எழுதி நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் ஊராட்சிக்கும் முன்கூட்டியே கொடுத்து, பதில் வாங்கிவிட்டு இறங்குங்கள்.

போராட்டம் பற்றிய வகுப்பு குற்றமல்ல. சொந்த இடத்தில் கூடிப் பேசுவது அரசியல் சாசனம் தரும் உரிமை, நாலு சுவருக்குள் நடக்கும் வகுப்புக்குப் போலீஸ் அனுமதி தேவையில்லை. தகவல் உரிமை மனு எழுதுவது, சூழல் தாக்கக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆட்சேபம் பதிவு செய்வது, பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவது, இவற்றையெல்லாம் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு மனுவுக்கு 6 மாதக் கெடு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது தெரியாமல் கோட்டைவிட்டவர்கள் அதிகம். முகாம் முடிந்ததும் அப்படியே ஊர்வலமாக ரோட்டுக்கு வந்தால்தான் கதை மாறும். 163 ஆம் பிரிவுத் தடை (144 தடை என்று சொல்லிப் பழகிய அதே உத்தரவு) அமலில் இருந்தால் வழக்கு வரும், ஏற்பாட்டாளராக உங்கள் பெயர் முதலில் இருக்கும். தடை உத்தரவை மீறியதாகப் போலீசாரே எப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி எழுத்துமூலம் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 இல் சொன்ன தீர்ப்பு உங்களுக்குக் கவசம்தான். ஆனால் போட்டுவிட்டால் அதை ரத்து செய்ய மதுரைக்கு அலைவது நீங்கள்தானே.

வெளிநாட்டவர் விஷயத்தில் இந்த எல்லை இன்னும் கூர்மையானது. இ-சுற்றுலா விசாவில் குறுகிய யோகாப் பயிற்சிக்கு இடமுண்டு, போராட்டத்துக்கு இல்லை. 2012 இல் கூடங்குளம் எதிர்ப்போடு தொடர்பு என்று கூறி, நாகர்கோவிலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரை நாடு கடத்தினார்கள். கூடங்குளம் இருக்கும் அதே மாவட்டத்தில் சூழல் போராட்டம் பற்றி வகுப்பெடுப்பவர் நீங்கள், கண்காணிப்பு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு யோகாவும் விவசாயமும் மட்டும் தனி நிகழ்ச்சி நிரலாகப் போடுங்கள். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். "சி பாரம்" என்று சொல்லிப் பழகிய அதே வேலை, 2025 செப்டம்பர் முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ்.

அவர்களிடம் வாங்கும் 4,500 ரூபாய் கட்டணம், அதற்கு ரசீது கொடுங்கள். "நன்கொடை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செய்த சேவைக்கு வாங்கும் கட்டணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சமூக நோக்கத்துக்கு வாங்கும் நன்கொடைதான் வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கு மத்திய உள்துறையில் பதிவும் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர் அனுப்பினால் பிரச்சினை இல்லை. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் மாமா அனுப்பினால் பிரச்சினை.

பக்கத்து விளைக்காரர் மனுவின் நகலை ஊராட்சியில் கேட்டு வாங்குங்கள். விடியக்காலை 5 மணிக்கு ஸ்பீக்கர் வைக்கிறீர்கள் என்று அவர் எழுதியிருந்தால் சட்டம் அவர் பக்கம்: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வண்டிகள் அவர் வரப்பு வழியாக வருகின்றன என்றால், அந்தப் பாதை புலப்படத்தில் இருக்கிறதா என்று நில அளவர் மூலம் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். அதற்கு முன் அவரை நேரில் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை.

அடுத்த முகாமுக்கு ஏற்கெனவே பணம் வாங்கியிருப்பீர்கள். ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார்கள். ரத்து செய்யாமலும் சமாளிக்கலாம்: வருபவர்கள் அம்பாசமுத்திரத்தில் லாட்ஜில் தங்கி, காலை 6 மணிக்குமேல் விளைக்கு வந்து, சாயங்காலம் திரும்பட்டும். லாட்ஜ் வாடகையை 4,500 இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கூட்டுப்பட்டாவும் புது மின் இணைப்பும் கைக்கு வரும்வரை இப்படியே நடத்துங்கள்.