இரவில் மட்டும் குடைகிற இடுப்பு வலி

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. எட்டு மாதமாக வலது தொடை இடுக்கில் வலி. பகலில் சமாளித்துவிடுகிறான், நடுராத்திரியில் எழுப்பிவிடுகிறது. வலி மாத்திரை போட்டால் அரை மணியில் அடங்குகிறது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சரி. எம்.ஆர்.ஐ.யில் தொடை எலும்பின் கழுத்தில் நீர் கோத்திருக்கிறதாம். எலும்புக் காசநோயாக இருக்குமோ?
– வாசகி, ஈரோடு

பதில்: மாத்திரைக்குச் சட்டென்று அடங்குகிறதே, அதுதான் துப்பு. முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்கிற சிறிய எலும்புக் கட்டி. கட்டி என்றதும் பதற வேண்டாம்; இது புற்றுநோயாக மாறுவதில்லை. நடுவிலுள்ள ‘நைடஸ்’, அதாவது கட்டியின் கரு, பெரும்பாலும் 1.5 செ.மீ.க்குள்தான் இருக்கும். அது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்கிற வேதிப்பொருள்தான் வலிக்குக் காரணம். ஆஸ்பிரின், நாப்ராக்சன் போன்றவை அந்தச் சுரப்பைத் தடுப்பதால் நன்றாகக் கேட்கின்றன.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது? எலும்புத் தண்டில் வந்தால் சுற்றிலும் எலும்பு வெள்ளையாகத் தடித்துக் காட்டிக்கொடுக்கும். உங்கள் மகனுக்குப் போல மூட்டு உறைக்குள் இருக்கும் கழுத்தில் வந்தால் அந்தத் தடிப்பு குறைவு. எம்.ஆர்.ஐ.யோ சுற்றியுள்ள நீரைப் பளிச்சென்று காட்டி நைடஸை மறைத்துவிடும். அதனால்தான் மூட்டழற்சி, காசநோய் என்று பெயர் மாறுகிறது. சிலருக்கு வலி முழங்காலில் தெரியும். முழங்காலைப் படமெடுத்துப் பயனில்லை.

கேட்க வேண்டியது, இடுப்புக்கு 1 மி.மீ. இடைவெளியில் சி.டி. ஸ்கேன். 5 மி.மீ. என்றால் சிறிய நைடஸ் நழுவிவிடும். காசநோயை அதற்குப் பிறகும் மருத்துவர் சந்தேகித்தால், திசுப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாத்திரையோடு காத்திருந்தால் தானாகவே அடங்கலாம்தான்; ஆனால் வருடக்கணக்காகும். வயிறும் சிறுநீரகமும் அத்தனை நாள் தாங்க வேண்டும், மூட்டும் வீங்கிக்கொண்டிருக்கும். எங்கள் தேர்வு, சி.டி. வழிகாட்டுதலில் ரேடியோ அலையால் சுடுவது. நைடஸைத் தொட்டாலே உயிர் போகிற வலி என்பதால் முழு மயக்கமோ முதுகுத்தண்டு மயக்கமோ தேவை. மெல்லிய துளையிட்டுத் திசு எடுத்துவிட்டு, அதே துளை வழியே மின்முனையைச் செலுத்தி, 90 டிகிரி செல்சியஸில் சுமார் 6 நிமிடம் சுடுவார்கள். ஒரு சூட்டில் ஏறத்தாழ 1 செ.மீ. அகலம்தான் வேகும். பெரிய நைடஸுக்கு முனையை நகர்த்தி இன்னொரு முறை சுட வேண்டும்; முனை நடுவில் உட்காராவிட்டாலும், இந்த இரண்டாவது சூட்டை விட்டுவிட்டாலும் வலி திரும்பும். திரும்பினால் மறுபடி சுடலாம். குருத்தெலும்புக்கோ நரம்புக்கோ மிக அருகில் இருந்தால் சூடு அவற்றையும் தாக்கும். அங்கே அறுவை சிகிச்சையையும் யோசிப்பார்கள்.

பெரும்பாலும் மறுநாளே நடக்கலாம். ஓட்டம், குதிப்பு மட்டும் மூன்று மாதம் வேண்டாம்: உடல் எடை விழும் கழுத்து எலும்பில் துளை போட்டிருக்கிறது.

கேள்வி: கீழே விழுந்து எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்புக் கழுத்தில் ‘ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா’ என்று வந்தது. வலி இல்லை. சுரண்டி எலும்புத்தூள் வைக்கட்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: எலும்புக்குள் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்வதுதான் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா. வலியில்லாமல், எலும்பு வளையாமல் இருந்தால் தொடக்கூடத் தேவையில்லை, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதும். வைக்கிற எலும்புத்தூளையும் அந்த நார்த்திசு கரைத்துத் தன்மயமாக்கிவிடும். நடக்கையில் வலி தொடங்கினால் மட்டும் நுண்விரிசலா என்று உடனே பாருங்கள்; அப்போது தேவைப்படுவது பெரும்பாலும் தகடும் திருகுகளும்.