எலுமிச்சங்கிளையில் புலி வண்டு

கேள்வி: ஐயா, எங்கள் கொல்லை எலுமிச்சையில் கட்டெறும்பு மாதிரி ஒன்று இலைக்கு இலை ஓடுகிறது. நீலம் மினுங்கும் கறுப்பு உடம்பு, நீண்ட கழுத்து, தொடை மட்டும் செம்மஞ்சள். கையை நீட்டினால் பறந்துவிடுகிறது. ஒரு கிளையில் சின்னதாக வட்ட ஓட்டை. அதற்குள் ஒரு புழுவின் தலை தெரிகிறது. தண்டு துளைப்பான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மருந்து அடிக்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. நீங்கள் பார்த்தது மரத்தில் வாழும் புலி வண்டையும் அதன் புழுவையும். அறிவியல் பெயர் நியோகோலிரிஸ்.

இந்தப் புழுவின் பங்காளியைச் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். கொள்ளிடக் கரையில் வளர்ந்தவன் நான். கோடையில் ஆறு வற்றினால் ஈரமணலில் வட்டவட்டமாக ஓட்டைகள் தெரியும். தென்னை ஈர்க்கை உள்ளே விட்டுக் காத்திருப்போம். ஈர்க்கு மெல்ல ஆடும். சட்டென்று இழுத்தால் கவ்விய வாயோடு புழு வெளியே வந்து விழும். பத்துக்கு எட்டு முறை வராது. காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் முதுகில் ஒரு திமில், திமிலில் கொக்கிகள். அவற்றை வளைச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். பிடித்த இரை திமிறி இதையே வெளியே இழுத்துவிடக் கூடாதே, அதற்காக!

உங்கள் வீட்டுப் புழு இதே வேலையை மரத்தில் செய்கிறது. தாய் வண்டு குச்சியில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்து, வாசலைத் தலையால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வழியாகப் போகும் எறும்பும் சிறு பூச்சியும் அதற்குச் சாப்பாடு. ஜாவாவில் காப்பிச் செடிக் கிளைகளிலும் இப்படிக் குடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். குடைவதால் மெல்லிய குச்சி கொஞ்சம் வலுவிழக்கலாம், அது உண்மை. ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை. தண்டு துளைப்பான் கட்டையையே தின்று தூளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

புலி வண்டுகளில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, பெரும்பாலானவை தரையில் ஓடுபவை. மரமேறிகளிலும் எல்லாம் பறப்பதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள டெரோக்ரேனியாவுக்குப் பறக்கவே வராது. கிட்டப் போனால் அடிமரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும்.

காலையில் எறும்பு நடமாடும் நேரம் பார்த்து, அந்த ஓட்டைக்கு எதிரே பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். கவாத்து செய்யும்போது அந்த ஒரு கிளையை மட்டும் விட்டுவையுங்கள்.