வளர்ற ஊர்ல மனை, பார்க், ரோடு, சாக்கடை: வாசகர் கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்விங்க பாதிக்கு மேல ஊர் ஓரத்துல புதுசா மனை வாங்கினவங்க, வாங்கப்போறவங்க கேட்டது. சென்ட் என்ன விலைன்னு பத்து பேர்கிட்ட விசாரிக்கறோம், ஆனா அந்த மனைக்கு வெளிய ரோடு, சாக்கடை, தண்ணி எப்படின்னு விசாரிக்கறதே இல்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஓசூர் பக்கம் ஒரு மனை பாத்திருக்கோம். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, அப்புறமா ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்னு புரோக்கர் சொல்றாரு. வாங்கலாமா சார்?

வேணாங்க. லேஅவுட்டுக்கு தொழில்நுட்ப அனுமதி டிடிசிபிதான் (அரசோட நகர் ஊரமைப்பு இயக்ககம்) தரணும், பஞ்சாயத்து தலைவர் கையெழுத்தும் சீலும் மட்டும் இருந்தா அது அப்ரூவல் ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனையை பத்திரம் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு, அதுக்கப்புறம்தான் அரசு ரெகுலரைஸ் பண்ற வரன்முறைத் திட்டம் கொண்டுவந்துச்சு, அதுலயும் 2016 அக்டோபர் 20ங்கற தேதியதான் எல்லையா வச்சாங்க. நேத்து போட்ட லேஅவுட்டுக்கு அந்தக் கதையெல்லாம் பொருந்தாது. புது லேஅவுட்டுன்னா டிடிசிபி நம்பரோட ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் கேளுங்க, ரெரா வெப்சைட்ல நீங்களே பாத்துக்கலாம்.

எங்க லேஅவுட்ல பார்க்குன்னு விட்ட இடத்தை இப்ப மனை போட்டு விக்கப் பாக்கறாங்க. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

கண்டிப்பா விடாதீங்க. லேஅவுட் 10,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ரெண்டரை ஏக்கருக்கு மேல போச்சுன்னா ரோடு போக மீதி இடத்துல 10 சதவீதம் ஓஎஸ்ஆர்னு பொது இடமா விட்டே ஆகணும், அதை தானப் பத்திரமா உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்தாத்தான் அனுமதியே வரும். எழுதிக் குடுத்த பிறகு அது புரமோட்டரோட சொத்தே இல்ல, அவர் எப்படி விப்பாரு? முதல்ல அப்ரூவ்டு லேஅவுட் மேப் நகல் வாங்குங்க, அப்புறம் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டா தானப் பத்திரத்தோட நம்பர் வந்துடும், இந்த ரெண்டையும் வச்சு கமிஷனருக்கும் கலெக்டருக்கும் மனு குடுங்க, ஒருத்தர் பேர்ல குடுக்காம குடியிருப்போர் சங்கம் பேர்ல குடுங்க, ஒப்புகை ரசீது வாங்கி வச்சுக்கோங்க. அப்பவும் அசையலன்னா ஹைகோர்ட்டுதான். உங்க பக்கத்துல ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கு: பெங்களூருல பார்க்குக்குன்னு ஒதுக்கின இடத்தை ஒரு ஆஸ்பத்திரிக்கு குடுத்தப்ப அந்த ஏரியா ஜனங்களே கேஸ் போட்டு 1991ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஜெயிச்சாங்க. ஆஸ்பத்திரிங்கறதும் நல்ல காரியம்தான், ஆனாலும் பார்க் இடத்தை எடுத்துக் குடுக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, அப்ப மனை போட்டு விக்கறதெல்லாம் எங்க நிக்கும்? வேலி போட்டு நாலு மரமாவது உடனே வச்சிடுங்க, சும்மா கிடக்கற இடம்தான் கை மாறுது.

ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் வீடு பள்ளமாயிட்டே போகுது.

பழைய தார சுரண்டி எடுத்துட்டுத்தான் மேல போடணும், 2021லயே தலைமைச் செயலாளர் இதை உத்தரவா போட்டிருக்காரு. வேலை ஆரம்பிக்கற அன்னைக்கே போய் பழைய தார சுரண்டற மில்லிங் மெஷின் எங்கன்னு கேளுங்க. போட்டு முடிச்சப்புறம் கேட்டு பிரயோஜனமில்ல.

300 வீடு வரப்போற நகர், எல்லாரும் தனித்தனியா செப்டிக் டேங்க் கட்டறோம். போதாதா?

கணக்கு போட்டு பாருங்க. பாதாள சாக்கடை இருக்கற ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணின்னு கணக்கு. வீட்டுக்கு 4 பேர்னா 1,200 பேர், 1,62,000 லிட்டர். அதுல 80 சதவீதம் கழிவா வெளிய வரும், சுமாரா 1,30,000 லிட்டர் தினமும் உங்க மண்ணுக்குள்ள இறங்கும், அதே மண்ணுலதான் போரும் போட்டிருக்கீங்க! ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வச்சு எடுக்கணும், நிறைய பேர் எடுக்காம டேங்க் அவுட்லெட்டை மழைநீர் வடிகால்ல விட்டுடறாங்க, அது நேரா ஏரிக்கு போகுது. இப்பவே எல்லாரும் சேந்து சின்னதா பொது சுத்திகரிப்புக்கு இடம் ஒதுக்கச் சொல்லி புரமோட்டர்கிட்ட கேளுங்க. சாக்கடை பைப்பு, தண்ணி பைப்பு, கேபிளுக்கு குழாய் எல்லாம் பதிச்சப்புறம் கடைசியா ரோடு போடச் சொல்லுங்க, இல்லன்னா போட்ட ரோட்டையே திரும்பத் திரும்ப வெட்டுவாங்க.

பெரிய ரோட்டுக்கு நிலம் கேக்கறாங்க, அடிமாட்டு விலைக்கு போயிடுமோன்னு பயமா இருக்கு. வேற வழியே இல்லையா?

இருக்கு, நிலத் திரட்டு முறை. குஜராத்துல டவுன் பிளானிங் ஸ்கீம்னு ரொம்ப காலமா பண்றாங்க, அகமதாபாத்தோட 76 கிலோமீட்டர் ரிங் ரோட்டுக்கு நிறைய நிலம் இப்படித்தான் கிடைச்சுது. எல்லாரும் ஒரு பங்கு விட்டுக் குடுப்பாங்க, அதுல ரோடு, பார்க், ஸ்கூல் வரும், மீதி நிலம் நேரான மனையா ரோட்டு முகப்போட உங்களுக்கே திரும்ப வரும். பரப்பு குறையும், மதிப்பு ஏறும், யாரையும் ஊரை விட்டு அனுப்ப வேண்டியதில்ல. தமிழ்நாட்டுலயும் 2018ல சட்டத்திருத்தம் பண்ணி வழி வச்சிருக்காங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எத்தனை சதவீதம் எடுக்கறாங்க, திரும்பக் குடுக்கற மனை எங்க, ரோடு எப்ப முடியும், இந்த மூணையும் எழுத்துல வாங்குங்க.